சின்ன கேட்டுக்கு ஓட்டு

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஆள் மட்டும் நுழைகிற ஒரு சின்ன கேட் உண்டு. அதை நிரந்தரமாக மூடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. மூடிவிட்டால் பஸ் ஸ்டாப்புக்குப் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எங்களோடு இருக்கும் என் நாத்தனார் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். முட்டிவலிக்காரர். அவ்வளவு தூரம் நடப்பதற்கு வேலையை விட்டுவிடலாம்.

ஓட்டுப் பட்டியலில் எங்கள் வீடே இல்லை. பட்டியல் போட்ட செயலாளர் யாரோ அல்ல, கீழ்த்தளத்தில் இருக்கும் என் சொந்த அண்ணன்.

நேராகப் போய் அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். டேட்டாபேஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதில் வீடுகளின் விவரத்துக்கு ஒரு டேபிள், வண்டிகளின் விவரத்துக்கு ஒரு டேபிள். போன் நம்பர்கள் வண்டி டேபிளில் இருப்பதால் அண்ணன் இரண்டையும் இணைத்திருக்கிறார். இரண்டிலும் இருந்தால்தான் பெயர் வரும் என்கிற மாதிரி இணைப்பு. வண்டி இல்லாத வீடெல்லாம் சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. அந்த கேட் யாருக்குத் தேவையோ அவர்களாகப் பார்த்து நீக்கியாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் என்மேல பாயற? உன் வீட்டுக்கு என் பைக் நம்பரைப் போட்டுடறேன், வந்துடும்."

"மத்த வீடு?"

"எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுக்கலாம்."

"இல்லாத வண்டிக்கு எதுக்கு நம்பர்? காலின்னா காலியாவே இருக்கட்டும். அதுக்காக ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

இணைப்பை நானே மாற்றி எழுதினேன். எல்லா வீடும் முதலில் வரட்டும். வண்டி இருந்தால் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், இல்லையென்றால் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடக்கட்டும். பட்டியல் மளமளவென்று நீண்டது.

"போன் நம்பரும்தான் காலியா இருக்கு. கூட்டத்துக்கு எப்படிக் கூப்பிடுவ?" என்று மடக்கினார் அண்ணன்.

"கதவு இருக்குல்ல?"

நானும் நாத்தனாரும் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு வீட்டையும் விடவில்லை.

கூட்டத்தில் இரண்டு கார் வைத்திருக்கும் பல் டாக்டர் எழுந்தார். "வண்டியே இல்லாதவங்களுக்கு கேட்டைப் பத்தி என்னங்க?"

"அந்த கேட்டுல உங்க கார் நுழையுமா டாக்டர்?" என்றார் நாத்தனார்.

கைகள் உயர்ந்தன. அண்ணன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, கேட் திறந்தே இருக்கும் என்று முணுமுணுத்தார்.

"லிஸ்ட்டை மாத்தினது யாரு?" டாக்டர் அண்ணனை முறைத்தார்.

அண்ணன் வாய் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன். "நான்தான். அடுத்த தடவை யாரை விட்டாலும் மறுபடி மாத்துவேன்."