ஒற்றைப்பல்லுக்கு வைத்த பெயர்

எல்லாரும் ஒற்றைப்பல் என்று கூப்பிட்டுவந்த சிகரத்துக்கு வரைபட அலுவலகம் புதுப் பெயர் அறிவித்தது. முதலில் ஏறியவர் என்று அவள் கணவனின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அவன் கடைசிப் பாறைக்குக் கீழே தலைசுற்றி, வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான். அவள்தான் தனியாக ஏறி உச்சியில் நின்றாள். இறங்கி வந்ததும் பத்திரிகைக்காரர்கள் அவனைத்தான் சூழ்ந்துகொண்டார்கள்.

அவள் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"ஒரே குடும்பம்தானேம்மா? யார் பேரா இருந்தா என்ன?" என்றார் அதிகாரி.

"அப்ப என் பேரையே வையுங்களேன் சார்."

அதிகாரி சிரித்து மழுப்பினார். அவள் கணவனை முறைத்தாள். அவன், "சார், நான் உச்சிக்கே போகல. இவதான் போனா," என்றான்.

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் அதிகாரி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்டாட்டிக்காக இப்படி விட்டுக்கொடுக்கிற மனசு யாருக்கு வரும்! பெயர்சூட்டு விழாவுல இதைச் சொல்லியே ஆகணும்."

"விட்டுக்கொடுக்கல சார், நெஜமாவே போகல!"

"என்ன அடக்கம்!" என்று அவர் உருகிப்போனார்.

படியிறங்கும்போது, "இதுக்கு மேல நான் என்னதான் சொல்றது?" என்றான் கணவன். அவனைத் திட்டவும் வழியில்லாமல் அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

விழாவுக்கு அவள் போகவில்லை, அவனையும் விடவில்லை. புகழை வெறுக்கும் அந்த மாவீரர் தன் விழாவுக்குக்கூட வரவில்லை என்று மறுநாள் பத்திரிகைகள் அவனைக் கொண்டாடின.