பெயர் சொல்லாத மன்றாட்டு

அக்டோபர் ஜெபமாலை மாதம். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள கத்தோலிக்கர்கள் தினம் ஒரு வீட்டில் கூடுவோம். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை. ஜெபம் நடத்துபவர் இருதயம் அண்ணன், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். குரல் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். கடைசியில் மன்றாட்டு நேரம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"பேர் சொல்ல விரும்பாத ஒருத்தருக்காக. ஆஸ்பத்திரி ரிசல்ட்ட நினைச்சுப் பயந்துகிட்டு இருக்கற ஒருத்தருக்காக. ஆண்டவரே..."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லோரும். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒருத்தர் நான்தானே! மார்பில் கட்டி. போன வாரம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட். மகன் கென்னத்திடம்கூட நான் மூச்சு விடவில்லை. பிறகு எப்படி வெளியே போனது?

வேறு யார், மருமகள் கிறிஸ்டின்தான். என் கைப்பையைத் துழாவி ஆஸ்பத்திரி கார்டைப் பார்த்திருப்பாள். மறுநாள் காலையில், "அத்தை, முகம் வாடியிருக்கே. கஞ்சி வெச்சுத் தரவா?" என்றாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடமாக வாடாத முகமா இன்றைக்கு வாடிவிட்டது?

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் வேலையப் பாரு லா" என்று வெட்டிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்றே நினைத்தேன். பையின் ஜிப்பில் ஒரு நூலைச் செருகி வைத்தேன், தொட்டால் விழட்டும் என்று. வியாழக்கிழமை காலையிலும் நூல் அப்படியே இருந்தது. கெட்டிக்காரி, பையைத் திறந்துவிட்டு நூலைத் திரும்ப வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அப்பேர்ப்பட்ட புத்தி எனக்கு.

அன்று மத்தியானம் ஆண்டவரிடமே சண்டை போடக் கிளம்பினேன். கிள்ளான் கோவிலில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம். அதனால் கொமுட்டர் ரயில் ஏறி, யாருக்கும் என்னைத் தெரியாத பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அங்கே கோவிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்! எப்படி வெளிய போச்சு?" என்று கேட்டேன்.

உட்கார்ந்தே இருந்தேன். கை வலித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். ஆளில்லாத கோவிலில், ஆண்டவர் முன்னால், இரண்டு கையாலும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐயோ, யாரிடமிருந்து காப்பாற்றுகிறேன்? ஐம்பத்தெட்டு வயது வரை ஜெபம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது அவரை நம்பியிருக்கிறேனா? கட்டி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேனே தவிர, பயமாக இருக்கிறது என்று சொல்லவே இல்லை.

பையைக் கீழே வைத்தேன். "பயமா இருக்கு, ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை, அழுகைதான் வந்தது. அழுது முடித்தபோது மனசு லேசாகிவிட்டது. யார் சொல்லியிருந்தால்தான் என்ன? எனக்காக ஜெபிக்கத்தானே சொன்னார்கள்? ரிசல்ட் எப்படி வந்தாலும் அவர் என் கையை விடமாட்டார் என்று முதன்முதலாக நம்பினேன்.

அன்று சாயங்காலம் ஜெபம் இருதயம் அண்ணன் வீட்டில். கிறிஸ்டினும் என்னோடு வந்தாள். அவர் மறுபடியும், "பேர் சொல்ல விரும்பாத ஒருத்தருக்காக" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

"மறைக்க வேணாம்ணே. அது நான்தான். நாளைக்கு ரிசல்ட். கிறிஸ்டின், உன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா."

"அத்தை! என்ன ரிசல்ட்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே!" என்று அலறினாள் அவள்.

இருதயம் அண்ணன் ஜெபமாலையை மடியில் வைத்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ.

"பெர்னடெட்டு... அது நான்மா. குடல்ல என்னமோ இருக்காம். வீட்டுல யாருக்கும் சொல்லல. எனக்கும் நாளைக்குத்தான்."

என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர் உயிருக்கு மன்றாடியபோது, வாய் திறக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். கிறிஸ்டின் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மறுபடி சொல்லுங்கண்ணே" என்றேன். "இந்தத் தடவை பேரோட."

"இருதயத்துக்காகவும் பெர்னடெட்டுக்காகவும், ஆண்டவரே..."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றேன். அந்த ஹாலில் என் குரல்தான் முதலில் கேட்டது.