கருவாட்டு வாடை

கொரோனா வார்டுக்குள் போகும்போதுதான் நர்ஸ் ஜீவிதா பயந்தாள். வெளியே வந்துவிட்டால் தப்பித்தாயிற்று என்று நினைத்தாள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவளுக்குப் பயம் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம். புருஷன் முகேஷ்குமாருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கித் தள்ளாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். "இவருக்கு வந்துச்சுன்னா நான் எதுக்கும் பொறுப்பில்லம்மா" என்று மதுரை டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால் சின்னாளபட்டி வீட்டுக் கொல்லையில் தட்டி வைத்து மறைத்து, அங்கேயே தலைக்குக் குளித்து, உடுப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அவ்வளவும் செய்த பிறகு வீட்டுக்குள் மாஸ்க் எதற்கு? நேற்று ராத்திரிகூட அவன் அவள் மடியில் தலைவைத்துத்தான் டிவி பார்த்தான்.

கவச உடையை எப்படிக் கழற்றுவது என்று புதிதாக வந்த நர்ஸுகளுக்குப் பாடம் எடுப்பவளும் அவள்தான். மூச்சுக்காற்றில்தான் நோய் அதிகம் பரவுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பாடம் பாடமாக இருந்தது. பசித்தபோது அவளும் சாப்பாட்டு அறைக்குத்தான் போனாள்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது வார்டைப் பார்த்து இருந்ததால், கொரோனா உள்ளே வந்துவிடும் என்று இழுத்துச் சாத்தி, இடுக்கு விடாமல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொன்னதே ஜீவிதாதான். உள்ளே ஏசி ஓடும். நாலு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிடுவார்கள். சோறு அவரவருடையது, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் எல்லாருக்கும். தன் டப்பாவை நீட்டாமல் தின்றால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு வாங்க வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்ட தைரியம் வேறு.

அன்று மே மாதக் கடைசி. வார்டில் கட்டில் தீர்ந்து, நடைபாதையிலும் ஆட்கள் கிடந்தார்கள். மத்தியானம் துப்புரவுப் பணியாளர் அய்யம்மாள் டப்பாவைத் திறந்த நேரத்தில், ஆண் நர்ஸ் விக்னேஷ்குமார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கைப் பொத்தினான்.

"யக்கா, கருவாடா? இந்த வாடைக்கு உள்ள இருக்கவன் ஆக்சிஜனைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிருவான்க்கா!"

"வாய்யா துரை. போன வாரம் டப்பாவை வழிச்சு நக்குனது உங்க பாட்டனா?" என்றாள் அய்யம்மாள்.

"மெஹராஜக்கா, நீங்க எப்பிடித்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க?"

மெஹராஜ் மூத்த நர்ஸ். ஜீவிதாவின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் எட்டி டப்பாவைப் பார்த்தாள்.

"கருவாடா? நான் கத்திரிக்கான்னுல்ல நெனச்சேன்."

விக்னேஷ் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜீவிதா டப்பாவை எடுத்து மெஹராஜின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிடித்த வேகத்தில் குழம்பு மேசையில் சிந்தியது.

"மோந்து பாருங்கக்கா."

மெஹராஜ் மோந்தாள். மறுபடி, இன்னும் கிட்டக் குனிந்து மோந்தாள்.

"யா அல்லாஹ். ஒண்ணும் தெரியலடி."

"எப்பருந்து?"

"முந்தாநாள்லருந்து லேசா மூக்கடைப்பு. ஏசிக் குளிருன்னு விட்டுட்டேன். சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்க. உள்ள இம்புட்டுப் பேரை யாரு பாக்குறது?"

முந்தாநாள் என்றால் அதற்கு முன்பே பரவ ஆரம்பித்திருக்கும். ஜீவிதாவே வகுப்பில் சொல்கிற கணக்கு. நாலு நாளைக்கு முன் இதே இடத்தில், "மெலிஞ்சு போயிட்டடி" என்று மெஹராஜ் கறிக் கோலா உருண்டையைப் பிட்டு அவள் வாயில் ஊட்டியிருந்தாள். அதற்கப்புறம் தினமும் ஜீவிதா வீட்டுக்குப் போயிருக்கிறாள். தினமும் குளித்திருக்கிறாள். தினமும் புருஷன் முகத்துக்கு ஒரு சாண் மேலே மூச்சு விட்டிருக்கிறாள்.

வாயிலிருந்த சோற்றைத் துப்பவும் பயமாக இருந்தது. விக்னேஷ் மாஸ்க்கைத் தேடினான். அய்யம்மாள் டப்பாவை மூடியபடி, "எனக்குச் சுகர் இருக்கே தாயி" என்று யாரிடமோ சொன்னாள். டூட்டி டாக்டருக்குப் போன் போட்டதற்கு, சாம்பிள் எடுக்க ஆள் வரும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்றார்.

ஜீவிதா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூலைக்குப் போய் வீட்டிலிருந்த முகேஷ்குமாருக்குப் பேசினாள்.

"மாமா, ரூமுக்குள்ளயே இருங்க. நான் இன்னைக்கு வரல."

"ஏன், டூட்டி மாத்திட்டாய்ங்களா?"

"மெஹராஜக்காவுக்கு வந்திருச்சு போல. எனக்கும் இருக்கலாம்."

அந்தப் பக்கம் டிவியை அணைத்தான்.

"நீ குளிச்சிட்டுத்தானே உள்ள வருவ?" என்றான்.

"உங்களுக்கு இருமல் இருக்கா?"

"இல்ல. தொண்டை மட்டும் காலையிலருந்து கரகரங்குது. நேத்து ஐஸ் மோர் குடிச்சேன்ல, அதான்."

"ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டிப் பாருங்க."

டிராயர் இழுபட்டது.

"தொண்ணூத்தெட்டு!" பரீட்சையில் பாஸானவன் மாதிரி கத்தினான். "பாத்தியா, ஒண்ணுமில்ல. நீதான் கிடந்து பயப்படுற."

ஆரம்பத்தில் எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டுதான் காட்டும். வார்டுக்குள்ளே மூச்சுக்காகக் குப்புறக் கிடந்தவர்களில் பாதிப் பேர் அந்த எண்ணை நம்பி வீட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள்.

"நல்லது மாமா. போனை வச்சிராதீங்க. செத்த நேரம் பேசிக்கிட்டிருங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

அவன் பேசினான். மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டுப் பூனை, மாத்திரை வாங்க வேண்டியது என்று என்னென்னவோ சொன்னான். ஒன்றும் அவள் மனதில் ஏறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் அவன் எங்கே மூச்சு இழுக்கிறான் என்று காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.