சூடம் அணைத்தவளும் ஆபிரிக்கா பற்றிய கட்டுரையும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் என்னிடம் கட்டுரைதான் கேட்டது. தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: 'நிலைபேறான அபிவிருத்திக்கான உலக உறுதிமொழிகள் ஆபிரிக்க நாடுகளுக்கு எதைக் குறிக்கின்றன?' இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஆடி மாதம், போர் முடிந்து இரண்டு மாதம். நான் இருப்பது வவுனியாவில். பஸ் ஏறினால் செட்டிகுளம், அங்கே வன்னிச் சனம் முழுவதும் முட்கம்பிக்குள். அதைப் பற்றி எழுதினால் ஆசிரியருக்கு ஆபத்து, எனக்கும் ஆபத்து. ஆபிரிக்காவைப் பற்றி எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

2002இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய உலகத் தலைவர்கள், நல்ல தண்ணீர் கிடைக்காத மக்களின் விகிதத்தை 2015க்குள் பாதியாகக் குறைப்போம் என்று மீண்டும் உறுதி

(விட்டுவிட்டேன். பாதி என்றால் மற்றப் பாதி யார்? அந்தப் பாதிக்குள் பிறந்தவளிடம் யார் போய்ச் சொல்வது?)

இரண்டாவது தொடக்கம்:

ஆபிரிக்கப் பெண்கள் தலையில் குடத்தோடு நடக்கும் தூரத்தை

(இதையும் விட்டேன். நான் ஆபிரிக்காவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.)

மூன்றாவது தொடக்கத்தை எழுதும்போது றிஸ்பா வந்தாள். எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

"ஆபிரிக்காவுக்கு ஏன் போறீங்க அண்ணன்? பண்டாவப் பத்தி எழுதுங்க. ஜெயபுரத்து அக்காவப் பத்தி எழுதுங்க" என்றாள்.

அப்படித்தான் கட்டுரை கெட்டது.

2.

றிஸ்பா முல்லைத்தீவில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வடக்கைவிட்டு வெளியேறச் சொன்னபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. வவுனியாவில் வளர்ந்தாள், ஆங்கிலம் படித்தாள், சமாதானம் வந்த காலத்தில் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே தண்ணீர்ப் பகுதிக்குப் பொறியியலாளராக இருந்தவர் மலாவி நாட்டுக்காரர், சிக்கொண்டி பண்டா.*

* பண்டா என்ற பெயரைக் கேட்டதும் ஜெயபுரத்தில் சிங்களவர் ஒருவர் வருகிறார் என்று பயந்திருந்தார்களாம். வாகனத்தால் இறங்கிய ஆளைப் பார்த்ததும் ஊர் முழுக்கச் சிரிப்பு. இதைக் கதைக்குள் வைக்க இடமில்லை, விடவும் மனமில்லை.

3.

இனிக் கதை. இது சிவலட்சுமியின் கதை, அவளோடுதான் போக வேண்டும்.

சிவலட்சுமியின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்துச் சனம். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஜெயபுரத்தில். புருசன் நல்லதம்பி பிறகு வந்தவன், பேச்சில் இன்னும் மலைநாடு மணக்கும். ஒரே பிள்ளை கஜேந்தினி. ஜெயபுரத்தில் தோண்டினால் பல இடங்களில் உவர்த் தண்ணீர்தான். தேத்தண்ணி போட்டால் பால் திரையும். அந்த ஊருக்கு 2005இல் கையால் அடிக்கும் குழாய்க்கிணறு ஒன்று வந்தது. நல்ல தண்ணீர். முதல் வாளியைக் குடித்துவிட்டுச் சிவலட்சுமி அழுதாள் என்று றிஸ்பா சொல்கிறாள்.

ஆனால் தண்ணீர் சும்மா வராது. வெளிநாட்டிலிருந்து வந்த விதிகள் இருந்தன: ஊர் ஒரு குழு அமைக்க வேண்டும், தலைவி பெண்ணாக இருக்க வேண்டும், குழாய்க்கிணற்றைப் பராமரிப்போம் என்று குழு உறுதிமொழி தர வேண்டும். அதற்குப் பெயர் நிலைபேறு. தந்தவன் போன பிறகும் தந்தது நிற்க வேண்டும் என்பது பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிவலட்சுமியைத் தலைவியாக்கினார்கள். உறுதிமொழி வாசகத்தை றிஸ்பா தமிழில் வாசித்தாள். சிவலட்சுமி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானே?"

"ஓம் அக்கா. நீங்க சரி எண்டு சொன்னாக் காணும்."

"வாயால சொல்லிறது ஆருக்கு வேணும்? நாளைக்கு இல்லையெண்டும் வாயாலதானே சொல்லுவம்" என்றவள் வீட்டுக்குப் போய்ச் சூடக்கட்டி ஒன்றோடு வந்தாள்.

அவளுடைய ஆட்களிடம் சத்தியம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். குழாய்க்கிணற்றின் சீமெந்துத் தரையில் சூடத்தைக் கொளுத்தினாள். இடது கையைக் கஜேந்தினியின் தலையில் வைத்தாள்.

"இந்தப் பைப்பை நான் கைவிடன். கைவிட்டால் என்ர பிள்ளையில வரட்டும்" என்று வலது கையால் நெருப்பை அணைத்தாள்.

பண்டா படம் எடுத்தார். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் அறிக்கைக்கு அதுதான் அட்டை.

4.

(இங்கே கட்டுரை எட்டிப் பார்க்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்ட தலைப்புக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.)

அன்று திரும்பும் வழியில் பண்டா றிஸ்பாவிடம் கேட்டார், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று. றிஸ்பா முழுவதையும் சொன்னாள், பிள்ளையில் வரட்டும் என்றதையும். பண்டா வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னாராம். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டது றிஸ்பாவின் வாயால்:

"அவர்ட ஊருக்கும் இப்படித்தான் ஒரு பைப் வந்ததாம். அவர்ட உம்மாதான் தலைவியாம். கொஞ்சக் காலத்தில உள்ளுக்க இருக்கிற வாசர் தேஞ்சு போச்சாம். சின்ன றப்பர் வளையம், அவ்வளவுதான். டவுனுக்கு நடந்து போய்க் கேட்டா அந்தச் சாமானே நாட்டில இல்லையாம், குடுத்த ஆக்கள் வேற நாட்டுக்குப் போயிட்டாங்களாம். பொம்பளையள் திரும்பவும் ஆத்துக் குழியில அள்ளப் போயிட்டாங்க. ஆனா அரசாங்கக் கணக்கில அது இன்னும் தண்ணி கிடைச்ச ஊராம்."

பண்டா இன்னொன்றும் சொன்னாராம். ஜொகன்னஸ்பேர்க்கில் தலைவர்கள் போட்டது கையெழுத்து. அது தவறினால் அவர்களுக்கு ஒன்றும் நடக்காது, ஆண்டை மாற்றி இன்னொரு மாநாடு கூட்டுவார்கள். ஆனால் தன் அம்மா கொடுத்த வாக்குத் தவறியபோது ஊர் அம்மாவைத்தான் ஏசியதாம்.

இதற்கு மேல் ஒரு கட்டுரைக்கு என்ன வேண்டும்? உலகம் ஆபிரிக்காவுக்குக் கொடுத்த வாக்கு, ஆபிரிக்கப் பெண்கள் உலகத்துக்குக் கொடுத்த வாக்காக மாறிவிட்டது. கொடுத்தவன் கடன்காரனாகவில்லை, வாங்கியவள் கடன்காரி ஆகிவிட்டாள். இதை எழுதி அனுப்பிவிட்டு நான் படுத்திருக்கலாம்.

அடுத்த முறை ஜெயபுரம் போனபோது றிஸ்பா இந்தக் கதையைச் சிவலட்சுமியிடம் சொன்னாள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாளாம். சிவலட்சுமி கேட்டுவிட்டு, "பாவம், அந்த அம்மா" என்றாள்.

5.

இந்த இடத்தில் எனக்குச் சிவலட்சுமி மீது சந்தேகம் வந்தது. இனி அவள் செய்யப்போவதை ஒரு மனுசி செய்வாளா? வாசகர் நம்புவாரா? றிஸ்பாவிடம் கேட்டேன். "நீங்க நம்பாட்டி உங்கட பிழை" என்றாள்.

2008 புரட்டாசி. கிளிநொச்சியிலிருந்து நிறுவனங்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வாகனங்கள் வரிசையாக நின்றன. வாசலில் சனம் குந்தியிருந்து, எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ என்று கத்தியது. சிவலட்சுமியும் வந்திருந்தாள். அவள் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து றிஸ்பாவைப் பிடித்தாள்.

"தங்கச்சி, இவரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. ஆமி கிட்ட வந்திட்டுது, எங்கட ஊரும் எழும்பப் போகுது. அந்தப் பைப்பை நான் என்ன செய்யிறது?"

றிஸ்பா மொழிபெயர்த்தாள். பண்டா வாகனத்தின் பின்கதவைத் திறந்து, குழாய்க்கிணறு கழற்றிப் பூட்டும் சாவிகள் இருந்த தோல்பையை எடுத்து அவள் கையில் வைத்தார். ஏன் கொடுத்தார்? போகிறவன் எதையாவது கொடுத்துவிட்டுத்தானே போக வேண்டும். வேறொன்றும் யோசித்திருக்க மாட்டார்.

பண்டா அழுதார்

("அது எனக்குத் தெரியா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர்" என்கிறாள் றிஸ்பா. வெட்டிவிட்டேன்.)

றிஸ்பா வவுனியாக்காரி, அவளுக்கு வெளியே போக அனுமதி இருந்தது, போனாள். ஆகவே இதுவரை அவள் கண்டது. இனி வருவது, பிறகு முகாமில் சிவலட்சுமி றிஸ்பாவிடம் சொன்னதும், இடைவெளியில் நான் கட்டியதும். எது எது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

6.

வன்னிச் சனம் இடம்பெயர்ந்தால் சும்மா பெயராது. கதவு, யன்னல், கூரைத் தகரம், கிணற்றுக் கப்பி எல்லாம் கழன்று வரும். போகிற இடத்தில் மரம் கிடைக்கும், மண் கிடைக்கும், தகரம் கிடைக்காது. நல்லதம்பி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் தகரத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சிவலட்சுமியும் இன்னும் நாலு பெண்களும் குழாய்க்கிணற்றின் தலையையும் கைபிடியையும் நீளமான இரும்புக் குழாய்களையும் பண்டாவின் சாவிகளால் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்டி, ஊரே தகரத்த ஏத்துது, நீ இரும்பக் கட்டிக்கிட்டு வர்ற! தண்ணி பூமிக்குள்ளதானே இருக்கு? அதையும் பேத்து எடுத்துக்கிட்டு வருவியா?"

"தண்ணியில நான் சத்தியம் பண்ணேல்ல. பைப்பிலதான் பண்ணினனான்."

"சத்தியம் வாங்குனவனே ஓடிட்டான்."

"அவர் ஓடினால் அவருக்கு. என்ர பிள்ளை என்னோடதானே வருது?"

நல்லதம்பி தகரத்தில் பாதியை இறக்கினான். இரும்பு ஏறியது.

பிழைதான். கைவிட மாட்டேன் என்றால் கழற்றிக்கொண்டு போவது என்று எந்த விதியில் இருக்கிறது? ஆனால் கதவையும் யன்னலையும் கைவிடாத சனத்துக்கு, விட்டுவிட்டுப் போவதுதான் கைவிடுவது.

பரந்தன், தருமபுரம், விசுவமடு. ஐப்பசி கார்த்திகை மழை பாதிக் கூரைக்குள்ளால் ஊற்றியது. கஜேந்தினிக்குச் சளி பிடித்தது. பக்கத்துக் கொட்டில்காரர் 'பைப் தலைவி' என்று பட்டம் வைத்தார்கள். தண்ணீர் எடுக்க அவளும் மற்றவர்களோடு வாளியும் கையுமாக வரிசையில் நிற்பாள். அவளுடைய குழாய் கொட்டிலின் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கும். "எங்கையாவது ஆறுதலா இருக்கக் கிடைச்சால் பூட்டிவிடலாம்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

தையில் விசுவமடுவும் எழும்பியது. பெட்டி நிரம்பியிருந்தது. பக்கத்துக் கொட்டில் விமலேஸ்வரி தொடையில் எறிகணைக் காயத்தோடு கிடந்தாள், ஏற்ற ஆளில்லை. நல்லதம்பி சிவலட்சுமியின் முகத்தைப் பார்த்தான். சிவலட்சுமியே பெட்டியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். இரும்பை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். அந்த இடத்தில் விமலேஸ்வரியைப் படுக்க வைத்தார்கள்.

விமலேஸ்வரி பிழைத்துவிட்டாள்.

சுதந்திரபுரத்தில், பத்து நாள் போயிருக்காது, காலையில் விழுந்த செல்லில் கஜேந்தினி செத்துப்போனாள். கொட்டிலுக்குப் பின்னால் தாட்டார்கள். இதற்கு மேல் இந்த வாக்கியத்தை நீட்ட எனக்கு வரவில்லை.

7.

முடிவுகள். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பண்டா திரும்பி வருகிறார். ஜெயபுரத்தில் கஜேந்தினி பெயரில் புதிய குழாய்க்கிணறு. (நிறுவனத்துக்குப் பிடிக்கும். இன்னொரு அட்டைப்படம்.)

இரண்டாவதில், ஒரு பெரிய மாநாட்டில், வாக்குக் கொடுக்கும் தலைவர்களெல்லாம் கையெழுத்துக்குப் பதிலாகச் சூடம் அணைக்க வேண்டும், தங்கள் பிள்ளையின் தலையில் கைவைத்து. (இதை எழுதும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

மூன்றாவதில் சிவலட்சுமி எழுந்து நின்று, என் பிள்ளையைச் சத்தியம் கொல்லவில்லை, செல் அடித்தவன்தான் கொன்றான் என்று முகாமே கேட்கக் கத்துகிறாள். நான் ஆசைப்பட்ட முடிவு இதுதான். றிஸ்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அக்கா அப்பிடிச் சொல்ல மாட்டா. அதைச் சொன்னா, பிள்ளை சும்மா செத்ததாப் போகும் அண்ணன். சத்தியம் எண்டா அவவுக்கு ஒரு காரணமாவது இருக்கு."

எங்கள் நிலை அதுவரை வந்துவிட்டது. ஒரு தாய்க்குத் தன்னைக் கொலைகாரியாக நினைப்பதுதான் மிஞ்சிய ஆறுதல்.

8.

ஆகவே முடிவு இல்லாமல், இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

றிஸ்பா இப்போது வேறொரு நிறுவனத்தோடு செட்டிகுளம் முகாமுக்குள் போய்வருகிறாள். போன கிழமை சிவலட்சுமியைக் கண்டாள். மெலிந்துபோயிருக்கிறாள். நல்லதம்பியை விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் இன்னும் திருப்பி விடவில்லை. ஏதாவது வேண்டுமா அக்கா என்று றிஸ்பா கேட்டிருக்கிறாள். உடுப்பு, சவுக்காரம், மருந்து என்று எதையாவது கேட்பாள் என நினைத்தாளாம்.

"அந்த மலாவிக்காரரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி. அவரின்ர அம்மாவும் பைப்பைக் கைவிட்டவா எண்டு சொன்னனீங்கள். அவவின்ர பிள்ளையள் எல்லாரும் இருக்கினமோ?"

பண்டா எங்கே வேலை செய்கிறார் என்று றிஸ்பாவுக்குத் தெரியும். கேட்கலாம், கஷ்டமில்லை. எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தால், உலகத்தில் என் சத்தியம் ஒன்றுதான் பலித்தது என்று அவள் நினைப்பாள். ஒரு பிள்ளை இல்லை என்று வந்தால், சத்தியம்தான் கொன்றது என்பதில் அவளுக்குச் சந்தேகமே மிஞ்சாது. பதில் வரவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் கேட்பாள். பொய் சொல்லலாம் என்றாலும், இந்த இரண்டில் எதைப் பொய்யாகச் சொல்வது?

ஆசிரியருக்கு இதைத்தான் அனுப்புகிறேன். போடுவாரோ தெரியாது. ஆபிரிக்க நாடுகளைப் பற்றிக் கேட்டார், அவருக்கு என்னிடம் இருப்பது சிவலட்சுமியின் இந்த ஒரு கேள்விதான்.

வியாழக்கிழமை றிஸ்பா மறுபடியும் முகாமுக்குப் போகிறாள். அக்காவிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இவ்வளவும் வாசித்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள். சிவலட்சுமி கம்பியடிக்கு வந்து நிற்பாள்.