ஊர்க்கூட்டத்தில் லொரெய்ன்

பீன்ஸ் சட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு லொரெய்ன் மண்டபத்துக்குள் வந்தபோது, கணவன் டுவேன் தனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை என்பதைக் கண்டாள். அவன் வரிசையின் கோடியில், ஓட்டுரிமை இல்லாதவர்கள் உட்காரும் சுவரோர நாற்காலிகளை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கைக்கெட்டும் தூரத்தில் சல்மாய். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆப்கானிஸ்தானில் டுவேனுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் சல்மாய். போன இலையுதிர் காலத்தில் அமெரிக்காவுக்கு, இந்த வெர்மான்டுக்கு வந்து சேர்ந்தான். போரிலிருந்து திரும்பிய நாளாய் டுவேன் வீட்டில் பேசியதெல்லாம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். இப்போது வண்டிக் கொட்டகையிலிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவள் தேநீர் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது. “வாங்க அண்ணி” என்று சல்மாய் எழுந்து நிற்பான். அந்த மரியாதையே அவளை விருந்தாளி ஆக்கிவிடும்.

பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தைச் சல்மாயின் அண்ணன் குடும்பத்துக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் விடலாமா என்பதுதான் அன்றைய கேள்வி.

பால்பண்ணை ரோலண்ட் முதலில் எழுந்தார். “ஜனநாயகம் கத்துக்குடுக்கப் போறோம்னு சொல்லித்தான் நம்ம பசங்களக் கூட்டிட்டுப் போனாங்க. என்னத்தக் கத்துக்குடுத்தோம்? பாதியில போட்டுட்டு ஓடியாந்தோம். இப்ப கூரையும் நாமதான் போடணுமா?”

“ஓடியாந்தது நாம. மாட்டிக்கிட்டது அவங்க” என்றாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஐடெல்லா. “உங்க தாத்தா க்யூபெக்லேர்ந்து வந்தப்பவும் இதே மண்டபத்துலதான் இதே பேச்சு பேசினாங்க, ரோலண்ட்.”

“எங்க தாத்தா வந்து மாடு மேய்ச்சாரு டீச்சர். பள்ளிக்கூடத்த எழுதிக் குடுங்கன்னு கேக்கல.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் டுவேன் எழுந்தான். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன். ஈரக் காலணிகளின் சத்தம்கூட நின்றுபோனது.

“நம்ம அரசாங்கம் செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. எங்க வண்டி வெடிச்சப்ப எனக்குத் தலையில அடி. கண்ணு முழிச்சா, நான் யாருன்னே தெரியல. இந்த சல்மாய்தான் கட்டில் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா சொன்னான். உங்க ஊரு வெர்மான்ட்ல இருக்கு. உங்க பொண்டாட்டி பேரு லொரெய்ன். சிரிக்கும்போது வாயப் பொத்திக்குவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க, அப்டின்னான்.” சல்மாயின் தோளில் கை போட்டான். “என் பொண்டாட்டி பேர இவன் வாயிலேர்ந்துதான் நான் திரும்ப வாங்கிக்கிட்டேன்.”

உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் திரும்பி லொரெய்னைப் பார்த்தார்கள். ஐடெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். “குடுத்துவச்சவடி நீ.”

லொரெய்னுக்கு முகம் எரிந்தது. ஊரே கேட்கும்போது, ஊரோடு ஊராகத்தான் அவளும் கேட்டாள். அவன் அவளை மறந்திருக்கிறான். அந்த நேரத்தில் அவளை நினைவில் வைத்திருந்தவன் சல்மாய். அவள் சிரிப்பும், அவள் பேரும் அவனிடம் இருந்தன. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தும் அவளுக்கு இது தெரியாது.

“ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்” என்றார் கூட்டத் தலைவர்.

கைகள் கிளம்பின. ரோலண்டின் மனைவிகூடத் தூக்கினாள். எண்ணவே தேவையில்லை, பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. சுவரோரத்தில் சல்மாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“எதிர்க்கிறவங்க?”

ரோலண்டும் அவர் பக்கத்தில் சிலரும் கை தூக்கினார்கள். லொரெய்ன் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் அவள் கை மேலே போனது.

டுவேன் திரும்பினான். நண்பனின் தோளில் போட்ட கையை எடுக்காமலே, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். எத்தனையோ மாதங்களாக அவன் அவளை இப்படி முழுசாகப் பார்த்ததில்லை. தலைவர் எண்ணி முடித்துக் கையை இறக்கச் சொன்னார். மற்றவர்கள் இறக்கினார்கள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கை கடுக்கக் கடுக்க அவள் அதை அப்படியே வைத்திருந்தாள்.