நாலு பேருக்கான பெட்டி

பலரிடம் கூட்டுநிதி திரட்டித் தயாரான, ஆளுக்கொரு பாத்திரமாய்ப் பகடை உருட்டி ஆடும் ஒரு கதை விளையாட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக் முன்பணம் கட்டி மூன்று வருடம் ஆகிவிட்டது. பெட்டி இன்றுதான் வந்தது. முன்பணம் கட்டியவருக்கான சலுகையாக, பாத்திர அட்டைகளில் அவனுடைய பட்டப்பெயரோடு மூன்று நண்பர்களின் பட்டப்பெயர்களையும் அச்சடித்திருந்தார்கள். நண்பர்கள்தான் திசைக்கொருவராய்ப் போயிருந்தார்கள்.

“நாலு பேர் ஆடுறதா? மத்த மூணு பேர் எங்கண்ணே?” என்றாள் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்த கூரியர்காரப் பெண்.

“வந்துட்டே இருக்காங்கம்மா,” என்று கூசாமல் புளுகினான்.

நண்பர்களின் வாட்ஸப் குழுவுக்குப் பெட்டியின் படத்தை அனுப்பினான். மூன்று கட்டைவிரல்கள் பதிலாக வந்தன. ‘எப்போ ஆடலாம்?’ என்று ஒருவனும் கேட்கவில்லை.

விதிப் புத்தகத்தைப் புரட்டினான். ஆட வராதவரின் பாத்திரம் முகாமில் தூங்கும் என்றிருந்தது. குண்டூசி, மொட்டை, வாத்து என்ற நண்பர்கள் மூவரின் அட்டைகளையும் கவிழ்த்துக் கைக்குட்டையால் போர்த்தினான்.

“தூங்குங்கடா தடியன்களா. காவலுக்கு நான் இருக்கேன்,” என்று பகடையை உருட்டினான்.