விண்டோஸ் போட்ட வெள்ளிக்கிழமை

பதினோரு வருடமாகச் சங்கரன்கோவிலில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர்களை விற்கிறேன். காசு கேட்காத மென்பொருள், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று நோட்டீஸ்கூட அடித்தேன். யாரும் திறந்து பார்க்கவில்லை, என் கடைக் கதவையும் சேர்த்துத்தான். சும்மா கிடைத்தால் ஊரே வரும் என்று நம்பியவன் ஒன்றை மறந்துவிட்டேன். எதிர்க் கடை ரிபாயி, திருட்டு விண்டோஸையும் சும்மாதான் போட்டுக் கொடுக்கிறான்.

அதனால் ஒரு தில்லுமுல்லு செய்தேன். நீலப் படம், மூலையில் ஸ்டார்ட் பட்டன், அதே குப்பைத்தொட்டி என்று லினக்ஸுக்கு விண்டோஸ் வேஷம் கட்டினேன். அப்படி ஒரு மெஷினைத்தான் பாஜிலா வாங்கினாள். கணவர் ரசூலுக்குச் சவுதியில் வேலை போனதும், கடையநல்லூரிலிருந்து இங்கே வந்து ஆன்லைன் சென்டர் வைத்தவள். எட்டு மாதத்தில் ஒரு வைரஸ் இல்லை, ஒரு ரிப்பேர் இல்லை. அதனால் எனக்கு அங்கே வேலையும் இல்லை. இப்படி ஒரு வியாபாரி நான்.

போன வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் வாங்களேன். கைரேகை மெஷின் ஓடமாட்டேங்கு."

மதுரையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி வந்திருந்தார். வயசானவர்களுக்குக் கைரேகை வாங்கிப் பென்ஷன் பணம் கொடுக்கும் சென்டர், இந்தப் பகுதிக்கு ஒன்றே ஒன்று. அது பாஜிலாவுக்குக் கிடைத்தால் கூட்டம் வரும். கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு, ரசூல் மறுபடி சவுதிக்குப் போக வேண்டியதுதான்.

"சார், இது விண்டோஸே இல்லையே," என்றார் அதிகாரி. "எங்க சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும்."

பாஜிலா என்னைப் பார்த்தாள். "அப்ப இது என்னது அண்ணாச்சி?"

டீக்கடையில்கூட லினக்ஸ் புராணம் பாடுகிறவன், தொழிலுக்கென்று அதை வாங்கிய ஒரே ஆளிடம் சொல்லவே இல்லை.

"சாப்பிட்டுட்டு வந்துடுறேன். அதுக்குள்ள விண்டோஸ் போட்டு வைங்க. இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த கடை." அதிகாரி பிரியாணிக் கடைப் பக்கம் நடந்தார்.

என்னிடம் விண்டோஸ் ஏது? கொள்கைக்காரன் அல்லவா. ரிபாயியிடம் ஓடினேன். ஜும்மாவுக்குப் போக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.

"உமக்கெதுக்கு வே விண்டோஸ்? எலி வந்தாக்கூட லினக்ஸ் பேசித் தொரத்துத ஆளாச்சே!"

"ரிபாயி, ஒம்ம காலப் பிடிக்கேன். பென்டிரைவக் குடும்."

சிரித்தான், கொடுத்தான். "பழைய மெஷின் வே. ஒரு மணி நேரமாவது ஆவும்."

பாஜிலா கடைத் திரையில் பத்து சதவீதம். பதினெட்டு. எங்கள் ஊர் பிரியாணிக்கு வரிசையில் நிற்காமல் இடம் கிடைக்காது. அந்த வரிசையைத்தான் நம்பியிருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அப்புறம்தான் உறைத்தது. பாதி ஊர் கோமதியம்மனை நினைத்துக் கவிச்சி தொடாது. மீதிப் பேரில் பாதி ரசூலோடு பள்ளிவாசலில் இருந்தது.

அரை மணி நேரத்தில் அதிகாரி ஏப்பத்தோடு வந்துவிட்டார். திரையில் நாற்பத்தாறு.

"சார், இன்னுங் கொஞ்ச நேரம் சார்."

"இன்னும் மூணு ஊர் பாக்கணும்ங்க." கைரேகை மெஷினைப் பைக்குள் வைத்தார். பாஜிலா வாசல்வரை போனாள். அவர் படியிறங்கும்வரை நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் பாட்டுக்குப் போட்டு முடித்தேன். வேறென்ன செய்ய? அசல் நீலப் படம் வந்தது. பாஜிலா எதையோ அழுத்தினாள். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"முந்தி இருந்ததே நல்லா இருந்துச்சே அண்ணாச்சி. டக்குனு தொறக்கும்."

பதினோரு வருடத்தில் லினக்ஸுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை அழித்து முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரசூல் தொப்பியை மடித்தபடி உள்ளே வந்தார். "கெடச்சிட்டா?"

அவர் காலியாகக் கிடந்த மேஜையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"விசா ஃபாரம் இதுல தொறக்குமா அண்ணாச்சி?"

"தொறக்கும்," என்றேன். அது லினக்ஸிலும் திறந்திருக்கும்.